சத்தமில்லாத பேருந்தில் ஓர் ஊமை

என் மாமியார் வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊமை. "மாப்பிள்ளை தங்கமானவர், வாய்தான் கிடையாது" என்று அவர் சொந்தக்காரர்களிடம் பெருமையாகவே சொல்வார். பணிமனையில் இப்போது என்னை ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இந்த இரண்டு பெயரும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நடுவில் ஒரு மின்சாரப் பேருந்து வந்தது.

நான் நகரப் பேருந்து ஓட்டுநர். மேட்டுக் குடியிருப்பில் கிளம்பி, சந்தை, ஆஸ்பத்திரி, பாலம் என்று இறங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டையில் திரும்பி, மறுபடி மேடேறி வருவதுதான் என் பிழைப்பு. ஓட்டிய தூரத்தை எல்லாம் நீட்டிப் போட்டால் உலகத்தையே பல சுற்று சுற்றியிருப்பேன். ஆனால் தொழிற்பேட்டைக்கு அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்த உலகம் எனக்கு முன்னால் போகிற லாரியின் பின்பக்கம்தான்.

பழைய டீசல் வண்டியில் இஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேலே ஒரு தகர மூடி. அதில் என் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெந்நீராகிவிடும். அந்தச் சத்தத்தில் நடத்துநர் விசில் ஊதினால்தான் எனக்குக் கேட்கும். அதனாலேயே அவருக்கு விசில் என்று பெயர் வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நான் நாள் முழுக்கப் பேசுவேன். குறுக்கே பாயும் ஸ்கூட்டர்காரனிடம் பேசுவேன். கை காட்டாமல் நின்றுவிட்டு, வண்டி தாண்டிய பிறகு முறைக்கும் ஆளிடம் பேசுவேன். மூட்டையோடு ஏறி வழியை மறிக்கும் அம்மாவிடம் பேசுவேன். எல்லாரையும்விட அதிகமாக என் மனைவியிடம் பேசுவேன். அவள் அங்கே இல்லை என்பதுதான் வசதி.

வீட்டில் பேசாததற்குக் காரணம் உண்டு. இஞ்சினை அணைத்துவிட்டு வரலாம், காதுக்குள் ஓடுவதை அணைக்க முடியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகும் அது உள்ளே இரைந்துகொண்டே இருக்கும். என் மனைவிக்கோ மெல்லிய குரல். கல்யாணமான புதிதில் அவள் ஒன்று சொல்ல, நான் வேறொன்றுக்குப் பதில் சொல்லி, அசடு வழிந்த சந்தர்ப்பங்கள் நிறைய. "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று அவள் சொன்னதற்கு "ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னவன் நான். காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அதனால் எல்லாவற்றுக்கும் 'ம்' என்று ஒரே பதிலாக வைத்துக்கொண்டேன். அதில் பெரிய ஆபத்து இருக்காது என்று நினைத்தேன்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் உட்கார வைப்பது அவள் கைவேலை. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவர் தெருவைப் பார்த்து முதல் தடவையாகப் பலகை எழுத்தைப் படிக்கும்போது, அவர் முகத்தை ஓரமாக நின்று பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். கடைக்குச் சைக்கிளில்தான் போவாள். பேருந்துக்காரன் பெண்டாட்டி சைக்கிளில் போகிறாள் என்று பணிமனையில் கிண்டல் உண்டு. கல்யாணமான மறுவாரம் என் வண்டியில் ஏறியவள், டீசல் நாற்றம் தாங்காமல் சந்தை நிறுத்தத்துக்குள் வாந்தி எடுத்து இறங்கிவிட்டாள். அத்தோடு பேருந்து என்ற சாதனத்தையே கை கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஓட்டுவதை அவள் பார்த்ததே இல்லை. நான் வீட்டில் எவ்வளவு பெருமை அடித்துக்கொண்டாலும் சாட்சி கிடையாது. பெருமையையும் 'ம்' என்றுதானே அடிக்க வேண்டும்.

இப்படி இருக்கையில் கண்ணாடிக் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் மாறியது. தினமும் பாலத்து மேட்டில் மிதித்து ஏறி அவள் முட்டி வீங்கியது. சைக்கிளை விட்டுவிடு, இல்லாவிட்டால் முட்டி உன்னை விட்டுவிடும் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்ததால் முழுசாகக் கேட்டது.

"மழை முடியற வரைக்கும் பாக்கறேன். முடியலன்னா வேலைய விட்டுடறேன்."

நான் 'ம்' என்றேன். மறுநாள் பாலம் முழுக்க அதையேதான் அவளிடம் பேசிக்கொண்டு போனேன், இஞ்சினுக்குப் பக்கத்தில்.

அந்தச் சமயத்தில்தான் நகர நிர்வாகம் புதுப் போக்குவரத்துக் கொள்கையை அறிவித்தது. பணிமனையில் எங்களை உட்கார வைத்து விளக்கம் சொல்ல ஒரு திட்ட அதிகாரி வந்தார். தலைக்கவசத்தோடு சைக்கிளில் வந்ததால், கூரியர் ஆள் என்று நினைத்து வாசல் காவலாளி அவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். அவர் சுவரில் படம் காட்டி, கார்பனைக் குறைக்க வேண்டும், ஊர் விடுகிற புகையில் பெரும்பங்கு வண்டிகளுடையது என்று ஆரம்பித்தார்.

விசில் கை தூக்கினார். "சார், கார்பன்னா ரெண்டு தாளுக்கு நடுவுல வெச்சு எழுதுவாங்களே, அந்த நீலத்தாளா? அது ஏற்கனவே குறைஞ்சு போச்சே சார், இப்ப யாரும் வாங்கறதில்லையே."

அதிகாரி சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். ஒரு காரில் ஒரே ஒருத்தர் போகிறார், அதே இடத்தில் பேருந்து வந்தால் ஊரில் பாதி போகும். அதனால் பெரிய சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கப் போகிறோம், எங்கள் வழியில் மின்சாரப் பேருந்து விடப் போகிறோம். ஆனால் இது சோதனைதான். மழைக்காலம் முடிவதற்குள் கூட்டம் ஏறாவிட்டால் தடம் மறுபடி கார்களுக்குப் போய்விடும், வண்டிகள் வேறு ஊருக்குப் போய்விடும். காரை விட்டு ஜனங்கள் பேருந்துக்கு வருவார்களா என்பதுதான் கேள்வி என்றார்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் அன்று பணிமனை ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இருந்தால் எனக்கு வாய் வந்துவிடும். "சார், கியர் இல்ல, கிளட்ச் இல்ல, சத்தம் இல்ல. இது பஸ் இல்ல சார், சக்கரம் வெச்ச ஃப்ரிட்ஜ். எங்க ஆளுங்க ஒருத்தனும் இத ஓட்ட மாட்டான்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. முதுகில் தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தலைவனைப் போல வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அவள் கேட்டாள். "புது பஸ்ல புகை நாத்தமே வராதாமே?"

"ம்."

"அது எங்க கடைப் பக்கமா போகுமா?"

"ம்."

"அத நீங்க ஓட்டுவீங்களா?"

பழக்க தோஷம். "ம்" என்றுவிட்டேன்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏறிப் பாக்கறேன். ஆனா நீங்க ஓட்டற வண்டியிலதான். வேற யாரயும் நம்பி எல்லாம் நான் பஸ் ஏற மாட்டேன்."

ஆபத்தில்லாத எழுத்து என்று நான் நம்பியிருந்த அந்த 'ம்' என்னை நட்டாற்றில் இறக்கிவிட்டது. மறுநாள் மின்சார வண்டிக்கு விருப்பம் தெரிவித்த முதல் ஆள் நான்தான். முதுகில் தட்டியவர்கள் எல்லாம் "என்னண்ணே, ஃப்ரிட்ஜ்ல தண்ணி ஜில்லுனு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் தலைமைப் பதவி ஒரே ராத்திரியில் முடிந்தது.

பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்தார். என்னைவிட வயது குறைந்தவர், குரல் கணீர் என்று இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மின்சார வண்டியில் மிதிகள் இரண்டே இரண்டு. வலது பக்கம் வேகத்துக்கு, இடது பக்கம் அகலமாகப் பிரேக். இரண்டுக்கும் வலது கால் மட்டும்தான். இடது காலுக்கு வேலையே கிடையாது, ஓரமாக வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் என் இடது கால் வாழ்நாள் முழுக்கக் கிளட்சை மிதித்த கால். வண்டி மெதுவாகும்போது அது யாரையும் கேட்காது, தானே போய் மிதிக்கும். இப்போது அது போய் மிதிக்கிற இடத்தில் பிரேக் இருந்தது. கிளட்சை எப்படி மிதிக்குமோ அப்படியே, முழுசாக, அடிவரை மிதித்தது.

வண்டி சுவரில் மோதியதுபோல நின்றது. பின்னால் நின்றிருந்த விசில் முன்னால் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே," என்றார் பயிற்சி அம்மா, கம்பியைப் பிடித்தபடி, "கிளட்ச் போயிடுச்சுங்கற சேதி உங்க இடது காலுக்கு இன்னும் போய்ச் சேரல."

முதல் தேர்வில் அந்தக் கால் என்னைத் தோற்கடித்தது. மைதானத்தில் நிறுத்தியிருந்த கூம்புகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்தான் சாய்ந்தார்கள். இன்னொரு தடவை தவறினால் வாசலில் வண்டிகளை எழுதிக்கொள்ளும் வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டில் அவள் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே "எப்படிப் போச்சு?" என்றாள். 'ம்' என்றேன். எனக்கு அழுகையே வந்தது. அவள் சைக்கிள் வாசலில் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் காலையே எடுத்து வெளியே எறியலாம் போல இருந்தது.

இரண்டாம் தேர்வுக்கு முன்னால் பயிற்சி அம்மா விளையாட்டாக ஒன்று சொன்னார். "அதுகிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்கண்ணே. மனுஷங்க சொன்னா கேக்கலாம்."

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசுவதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. உதடு மட்டும் அசைய, எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன். 'டேய், வளைவு வருது. நீ கம்முனு இரு. உனக்கு இங்க வேலை இல்ல. பெரியவன் பாத்துக்குவான். இரு, இரு, அவ முட்டிய நெனச்சுக்கோ...' கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போய் நின்றது. திரும்பிப் பார்த்தால் பயிற்சி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் அண்ணே," என்றார். "ரெண்டு காலும் பாஸ்."

எதற்கு அந்தச் சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. என் திறமையைப் பார்த்துப் பூரித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டம் ஆரம்பித்தது. முதல் வாரம் இருக்கைகள் காற்று வாங்கின. விசில் காலி இருக்கைகளை எண்ணிக்கொண்டே வந்தார். புது வண்டியில் சீட்டுக் கொடுக்க இயந்திரம் இருந்தது, அவரைப் 'பயண உதவியாளர்' என்று வைத்திருந்தார்கள், அந்தப் பதவியும் சோதனைதான். அடுத்த வாரம் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. அதுவும் விசித்திரமான கூட்டம். பின்னால் இடம் காலியாக இருக்கும், முன்பக்கம் எனக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் முந்தைய வண்டியை விட்டுவிட்டு என் வண்டிக்காகக் காத்திருப்பார். கார் வைத்திருக்கும் வங்கி மேலாளர் ஒருவர் காரை வீட்டில் போட்டுவிட்டு வந்தார். மூட்டைக்கார அம்மா ஒரு நாள் இறங்கும்போது என்னிடம் "மன்னிச்சுக்கப்பா, இனிமே மூட்டைய ஓரமா வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரிடம் எதுவுமே சொல்லவில்லையே என்று யோசித்தேன். பிறகு, ஓட்டுநர் மேல் மரியாதை வந்தால் பயணிகள் தானாகத் திருந்துவார்கள் என்று முடிவு செய்தேன்.

பேருந்துத் தடத்தில் கார் நிறுத்துகிறவர்கள்கூட என் வண்டி வந்தால் பதறி எடுத்தார்கள். காற்றுக்காக ஜன்னல் திறந்திருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது.

திட்ட அதிகாரிக்கு ஆச்சரியம். ஒரே வழி, ஒரே மாதிரி வண்டிகள், இந்த ஒரு வண்டியில் மட்டும் ஏன் கூட்டம் என்று விசாரிக்க, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிமனைக்கு வந்தார். ஓட்டம் முடிந்து நின்றுகொண்டிருந்த வண்டியில் என் எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், எல்லாம் மிதியில இருக்கு," என்றேன். "குழந்தைய தொட்டில்ல போடற மாதிரி நிறுத்தணும். ஜனங்க அத உணர்றாங்க. சொல்லத் தெரியாது, ஆனா உணர்றாங்க."

விசில் அந்தப் பக்கம் திரும்பி இருமினார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். 'மென்மையான ஓட்டமே பயணிகளைக் காரிலிருந்து பேருந்துக்கு ஈர்க்கிறது' என்று அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. மற்ற ஓட்டுநர்கள் எல்லாருக்கும் என் மிதியை முன்மாதிரியாக வைத்து வகுப்பு எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அன்று வீட்டில் என் 'ம்' கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

அவள் இன்னும் ஏறவில்லை. "முதல்ல கொஞ்ச நாள் ஓட்டுங்க, பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். பழைய வாந்தி அவளை விடவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கியவள், தூக்க முடியாமல் அப்படியே நின்றாள். சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். என் பின்னாலேயே நடந்து வந்து மேட்டுக் குடியிருப்பு நிறுத்தத்தில் நின்றாள். இன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை அவ்வளவுதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏறினாள். முந்தானையை மூக்கருகே தயாராக வைத்திருந்தாள். வண்டி கிளம்பியதும் மெதுவாக எடுத்தாள். எனக்குப் பின்னால் இருந்த இருக்கையிலிருந்து நர்ஸ் எழுந்து இடம் கொடுப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். நர்ஸ் ஏதோ கேட்டார், என் மனைவி விழித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் அவளிடம் ஏதோ சொன்னார்கள். எல்லாரும் என் ஓட்டும் லாவகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்துக் காலோடும் ஊரோடும் பேசிக்கொண்டு ஓட்டினேன்.

கண்ணாடிக் கடை நிறுத்தத்தில் இறங்கினாள். வாந்தி இல்லை. ஆனால் கீழே நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள், முதல் தடவையாகப் பலகையைப் படிக்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. அப்படியே திரும்பிக் கடைக்குள் போய்விட்டாள். ஒத்துக்கொள்ளவில்லையோ என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தொழிற்பேட்டையில் வண்டி காலியானதும் விசில் என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, இனிமே மறைக்க முடியாது. நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்குது."

"எது?"

"எல்லாம். முணுமுணுக்கறேன்னு நெனச்சுக்கிட்டு கத்தறீங்க. உங்க காது போச்சுண்ணே. முன்னாடி இஞ்சின் அமுக்கி வெச்சிருந்துச்சு, இப்பதான் இஞ்சினே இல்லையே. கடைசி சீட்டு வரைக்கும் கேக்குது. உங்க காலத் திட்டறது, பணிமனை மேனேஜரத் திட்டறது, வீட்டுக் கதை எல்லாம். ஜனங்க அதுக்குத்தான் ஏறறாங்க. அண்ணி ஏறினதுமே 'எம்பொண்டாட்டி ஏறிட்டா'ன்னு நீங்களே சொல்லிட்டீங்க, உடனே நர்ஸ் 'முட்டி வீக்கம் வத்துச்சா?'ன்னு கேட்டுட்டாங்க. வங்கிக்காரர், 'உங்க அண்ணனுக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா'ன்னு கேட்டாரு."

"எத்தன நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்தினா கூட்டம் போயிடும். கூட்டம் போனா மொதல்ல வீட்டுக்குப் போறவன் நான்தானே அண்ணே." அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு தயங்கிச் சொன்னார். "இன்னிக்கு அண்ணி உக்காந்திருக்கும்போது என்ன சொன்னீங்க தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிக் காட்டினார். வண்டியில் ஒரு சத்தமும் இல்லாமல் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். நான் சொன்னது இதுதான்: 'இவ வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து என்ன பண்ணுவா? என்னோட "ம்"மக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாளா? காது கேக்கலன்னு சொல்லிடலாம்தான். வெட்கமா இருக்கு. இவ பேசறதுல பாதிதான் எனக்குக் கேக்குது. மீதிய நானே போட்டுக்கறேன். நான் போட்டுக்கறதுல இவ என்னை ஒரு நாளும் திட்டினதே இல்ல.'

எனக்கு அந்த வண்டியை ஆற்றில் விட்டுவிடலாமா என்று தோன்றியது. மின்சார வண்டி, தண்ணீரில் விடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஊர் முழுக்க என் வீட்டு விஷயத்தை ஒலிபரப்பிவிட்டு, மிதியில் இருக்கிறது சூட்சுமம் என்று அதிகாரிக்குப் பாடம் எடுத்தவன் நான். குழந்தை, தொட்டில் என்றெல்லாம் சொன்னேனே என்று நினைத்து நினைத்துக் கூசினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இதுவரை நான் கேட்டிராத உரத்த குரலில், "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்!" என்றாள். ஒரு வார்த்தைகூட நானாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "ம்" என்றேன். கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். அவள் ஏறி அதே இருக்கையில் உட்கார்ந்தாள். நர்ஸ், வங்கிக்காரர், மூட்டைக்கார அம்மா எல்லாரும் வழக்கம்போல முன்னால் நெருக்கி நின்றார்கள். போதாத காலம், அன்றைக்குத்தான் திட்ட அதிகாரி தன் மேலதிகாரியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார், என் மென்மையான ஓட்டத்தை நேரில் காட்ட. அறிக்கை கையில் இருந்தது.

சந்தை தாண்டியது. ஆஸ்பத்திரி தாண்டியது. நான் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேட்டரி தீந்துடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள், வண்டியைக் கேட்கவில்லை, என்னைத்தான். பாலத்தின் இறக்கத்தில் முன்னால் ஒரு வேன் மெதுவாகியது. நானும் மெதுவாக்கினேன். அதனிடம் யாரும் ஒன்றும் சொல்லாததால், என் இடது கால் பழைய ஞாபகத்தில் கிளம்பிப் போய், அடிவரை மிதித்தது.

மேலதிகாரி அதிகாரியின் மேல் விழுந்தார். அறிக்கை பறந்து வந்து என் மடியில் விழுந்தது. விசிலின் மூக்கு தனக்குத் தெரிந்த இடத்தில் போய் ஒட்டியது. மூட்டை எழுந்து நடந்து வந்து என் இருக்கையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மென்மை என்ற சொல்லுக்கு அதற்கு மேல் அந்த வண்டியில் இடமில்லை.

"அண்ணே, காலத் திட்டுங்கண்ணே!" என்று கத்தினார் நர்ஸ்.

அந்த அறிக்கையைப் பிறகு திருத்தினார்கள். "இத நான் எப்படிங்க எழுதறது?" என்று அதிகாரி என்னையே கேட்டுவிட்டு, கடைசியில் 'ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் இடையிலான நல்லுறவு' என்று எழுதினார். தடமும் நிலைத்தது, விசிலும் நிலைத்தார். ஆனால் அந்த நிமிஷத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டி பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கம்பியைப் பிடித்து, வலிக்கிற முட்டியோடு எழுந்து, என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேசுங்க!" என்றாள். மெல்லிய குரல்காரி, கடைசி இருக்கை வரை கேட்கிற மாதிரி சொன்னாள். "காலும் கேக்கட்டும், நானும் கேக்கறேன். எனக்கும் இத்தன வருஷமா பாதிதானே கிடைச்சுது."

வெளியே ஹாரன் அடித்தார்கள். எனக்கு வாய் திறந்தது. என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, 'ம்' தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வலிக்குது," என்றாள், சத்தமாக. "வண்டிய எடுங்க, கடை திறக்கணும்."